விரலே சீப்பு

1971ல் வெளிவந்த 'க்ளூட்' படத்துக்காக ஜேன் ஃபோண்டா ஆஸ்கர் விருது வாங்கினார். அவருடைய நடிப்பைப் போலவே அவருடைய முடியும் பேசப்பட்டது. ரோலர் சுற்றி, ஸ்பிரே அடித்து, காற்றுக்கும் அசையாத கொண்டைகள் கோலோச்சிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அடுக்கடுக்காக வெட்டி, நெற்றியில் கலைந்து விழுந்த அந்த 'ஷேக் கட்' நியூயார்க்கின் பால் மெக்ரெகர் கைவண்ணம். 1990களில் சாலி ஹெர்ஷ்பெர்கர் அதன் குட்டையான வடிவம் ஒன்றை மெக் ரயானுக்கு வெட்ட, ஊர் ஊராகப் பெண்கள் அவருடைய புகைப்படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டார்கள்.

தூங்கி எழுந்த கையோடு வந்ததுபோல் தெரியும் இந்த அலங்காரத்தில் பாதி வேலை கத்தரிக்கோலில் முடிந்துவிடுகிறது. முடிக்கற்றையைத் தலையிலிருந்து செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து வெட்டும்போதுதான் அடுக்கு விழுகிறது. மேல்முடியின் பாரம் குறைந்து அடிமுடி எழுந்து நிற்கிறது. நுனியைக் குறுக்கே ஒரே கோடாக நறுக்காமல், கத்தரிக்கோலின் முனையை நெடுக்கே நுழைத்துக் கொத்திக் கொத்தி எடுப்பார்கள். நுனிகள் மேடும் பள்ளமுமாக அமைவது அதனால்தான். கோடு போட்டதுபோல் வெட்டிய தலையில் எத்தனை கிரீம் தடவினாலும் இந்தத் தோற்றம் வராது.

நம்மூரில் பலருக்கு இருக்கும் அடர்த்தியான முடியில், உள்பக்கம் கொஞ்சம் பாரம் குறைக்கச் சொல்வது நல்லது. ஆனால் அடர்த்தி குறைக்கும் பல் கத்தரியை வேருக்குப் பக்கத்தில் போடவிடக் கூடாது. அங்கே குட்டையாகும் முடிகள் ஒரு மாதத்தில் முள்ளாக மேலே துருத்திக்கொண்டு நிற்கும். சுருட்டை முடி என்றால் காய்ந்ததும் மேலேறிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் நீளத்தைச் சொல்ல வேண்டும்.

மீதிப் பாதி, காயவைப்பதில் இருக்கிறது. முடியின் புரதமான கெரட்டினில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்ததும் விடுபட்டு, காயும்போது மறுபடி கோத்துக்கொள்கின்றன. முடி எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையிலேயே நிற்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வாரிவிட்ட தலை மதியத்துக்குள் துவண்டு போவதற்கும் இதுதான் காரணம்: காற்றின் ஈரம் அந்தப் பிணைப்புகளைத் திரும்பவும் தளர்த்திவிடுகிறது.

அதனால் குளித்ததும் துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். டிரையரின் கூர்வாயைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து, விரல்நுனியால் வேர்க்காலை இப்படியும் அப்படியும் அலைத்துக்கொண்டே காற்று விடலாம். முக்கால்வாசிக்கு மேல் காய்ந்ததும் நிமிர்ந்து, முன்முடியைத் தினமும் விழும் பக்கத்துக்கு எதிராகத் தள்ளிக் காயவைத்து, கடைசியில் குளிர்காற்று கொடுத்தால் அடி தூக்கி நிற்கும். இந்தக் கட்டத்தில் சீப்பைத் தொடவே கூடாது.

பிறகுதான் வேக்ஸோ, களிமண் கலந்த கிளேயோ. பட்டாணி அளவு போதும். உள்ளங்கையில் சூடேறி மறையும்வரை தேய்த்து, முதலில் பின்தலையில் தடவி, கையில் மிஞ்சியதை முன்பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் ஆரம்பித்தால் நெற்றிமுடி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். கடைசியாகச் சில நுனிகளை மட்டும் இரு விரலால் கிள்ளி முறுக்கிவிட்டால் கற்றை கற்றையாகப் பிரிந்து தெரியும். மெல்லிய முடிக்கு வேக்ஸ் பாரம். உப்புநீர் ஸ்பிரேதான் பொருந்தும். உப்பு முடியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தினமும் அடித்தால் முடி வறண்டுவிடும் என்பதால் வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், ஆனால் இந்த அலங்காரத்துக்கு ஆகாது. எண்ணெய் வைப்பதை இரவில் முடித்துவிட்டு, காலையில் அலசிவிட வேண்டும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நீளக் கூந்தலில் அது தெரியாது. குட்டை முடியில் அடுக்கே இடம் மாறிவிடும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை நுனி வெட்டியாக வேண்டும். பார்லருக்குப் போகும் நாளில் எண்ணெயும் வேக்ஸும் இல்லாமல், இயல்பாகக் காய்ந்த தலையோடு போவது நல்லது. அப்போதுதான் உச்சியில் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, பிடரியில் முடி எங்கே மேல்நோக்கி வளர்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டுவார்கள்.