'வொயிட் பிரிவிலேஜ்'னா என்ன? அந்த வார்த்தையைக் கேட்டாலே ஏன் சண்டை வருது?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம், 2001. நான்கு இளைஞர்கள் வேலை தேடிக் கிளம்பினார்கள். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். படிப்பு, அனுபவம், பேச்சு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் மட்டும், போதைப்பொருள் வழக்கில் ஜெயிலுக்குப் போய்வந்தவர் எனச் சொல்லிக்கொள்வார். எல்லாமே நடிப்பு. சமூகவியலாளர் டேவா பேஜர் நடத்திய ஆய்வு அது.

2003-ல் வெளியான முடிவு இதுதான். வழக்கு இல்லாத வெள்ளையரை 34% நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. 'ஜெயிலுக்குப் போய்வந்த' வெள்ளையரை 17%. எந்த வழக்கும் இல்லாத கறுப்பினத்தவரை 14%. 'ஜெயிலுக்குப் போய்வந்த' கறுப்பினத்தவரை வெறும் 5%.

அதாவது, தண்டனை பெற்ற வெள்ளையருக்குக் கிடைத்த வாய்ப்புகூட, எந்தத் தப்பும் செய்யாத கறுப்பினத்தவருக்குக் கிடைக்கவில்லை.

யார் சொன்ன வார்த்தை இது?

அமெரிக்க அறிஞர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1935-லேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாக இருந்தாலும், நிறத்தால் ஒரு சமூக மரியாதை கூடுதலாகக் கிடைத்தது என்றார். 1980-களின் இறுதியில் பெக்கி மெக்கின்டாஷ் என்ற வெள்ளையினப் பேராசிரியர், தான் கேட்காமலே கிடைக்கும் அன்றாட வசதிகளைப் பட்டியல் போட்டார். வார்த்தை பரவலானது அதன் பிறகுதான்.

அப்போ வெள்ளைக்காரங்க எல்லாரும் வசதியா?

இல்லை. எதிர்ப்பாளர்களின் வலுவான வாதமே இதுதான். இங்கிலாந்தில் இலவசப் பள்ளி உணவு பெறும் ஏழை மாணவர்களில், 2019-ல் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள் 22.5%. அவர்களில் வெள்ளை பிரிட்டிஷ் மாணவர்களை மட்டும் எடுத்தால் 17.7%தான். இதைச் சுட்டிக்காட்டிய நாடாளுமன்றக் கல்விக் குழு, 'வொயிட் பிரிவிலேஜ்' போன்ற சொற்களும் இந்த மாணவர்கள் கவனிக்கப்படாமல் போகக் காரணமாக இருந்திருக்கலாம் என 2021-ல் சொன்னது. பிரச்சினை வறுமைதான், அந்த வார்த்தை இல்லை என்று பதிலடியும் வந்தது.

வேலை இல்லாத ஒரு வெள்ளையரிடம் போய் 'நீ கொடுத்துவைத்தவன்' என்றால் கோபம் வரத்தானே செய்யும்? ஆனால், இந்தக் கருத்து சொல்வது 'உன் வாழ்க்கை சுலபம்' என்பதை அல்ல. 'உன் கஷ்டங்களுக்கு உன் நிறம் காரணமில்லை' என்பதை மட்டும்தான்.

'அப்போ நான் ரேசிஸ்ட்டா?'

விவாதம் தடம் புரள்வது இங்கேதான். நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்குவது இனவெறி. அந்த ஒதுக்கலால், கேட்காமலே ஒருவருக்குப் பாதை எளிதாவது பிரிவிலேஜ். மில்வாக்கியில் விண்ணப்பித்த வெள்ளை இளைஞர் யாரையும் ஒதுக்கவில்லை. ஆனால் பலன் அவருக்கும் போனது.

இந்த இரண்டையும் ஒன்றாக்கி, வாயை அடைக்கும் ஆயுதமாக வார்த்தையை வீசுபவர்கள் இருக்கிறார்கள். 'என்னை ரேசிஸ்ட்னு சொல்லிட்டாங்க' என்று பேச்சையே திசைதிருப்புபவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் போனாலும், எந்தத் தப்பும் செய்யாமல் அழைப்புக்காகக் காத்திருக்கும் அந்தக் கறுப்பின இளைஞரைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போகிறது.