நான்கு பத்திகளில் ஒரு பனைமரம்

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற தலைப்புகள் அடிக்கோட்டுடன் இருக்கும். அவற்றின் கீழுள்ள பத்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. கட்டுரையின் உறுப்புகளைச் சொல்லித்தரும் அளவுக்கு, ஒரு பத்தி என்ன வேலை செய்கிறது என்பதை நாம் சொல்லித்தருவதில்லை.

வருணனை, நிகழ்வுரை, விளக்கம், வாதம் எனப் பத்திகளை நான்காகப் பிரிப்பது வழக்கம். வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்துவிடுவார்கள், எழுத வராது. அதனால் ஒரே பொருளை நான்கு விதமாக எழுதவைக்கிறேன். எங்கள் பகுதியில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த பொருள் பனைமரம்.

வருணனைக்குக் கண் போகும் வழி வேண்டும். கருத்த அடிமரம், மட்டை கழன்ற தழும்பு வளையங்கள், உச்சியில் சலசலக்கும் ஓலை என்று கீழிருந்து மேலே போகலாம், மேலிருந்தும் இறங்கலாம். நடுவில் தாவக்கூடாது. நிகழ்வுரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுங்கு வெட்டிய கதையைக் கேட்டால் வகுப்பே எழுதித் தள்ளிவிடும்.

தடுமாற்றம் விளக்கப் பத்தியில்தான். பதநீர் எப்படிக் கிடைக்கிறது? பாளையை இடுக்கி நசுக்க வேண்டும். நுனியைச் சீவ வேண்டும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு சாற்றைப் புளிக்கவிடாது, தடவாவிட்டால் கள்ளாகிவிடும். இந்த வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுத்தாள்களில் எழுதிக் கலைத்துக் கொடுத்தேன். ஒரு குழு அடுக்கியதைப் பார்த்துவிட்டு, தாத்தா பனையேறும் மாணவன் எழுந்தான்: “கலயத்தைக் கட்டிட்டு அப்புறமா சீவுனா எப்படி டீச்சர்?” விளக்கப் பத்தியில் வரிசை ஏன் மாறக்கூடாது என்பதை வகுப்பு அவனிடமிருந்து தெரிந்துகொண்டது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்வது இதற்கடுத்த படி.

வாதப் பத்தி என்றால் ‘பனையைக் காப்பது நம் கடமை!’ என்று ஆச்சரியக்குறி போட்டு முடித்துவிடுகிறார்கள். அது முழக்கம், வாதம் அல்ல. பனை நம் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என அறிவிக்கப்பட்டது. இப்படி ஆதாரம் வேண்டும். கூடவே, ‘வீடு கட்டும் இடத்தில் மரம் நின்றால் என்ன செய்வது?’ என்று எதிர்த்தரப்பு கேட்பதாக ஒரு வரியும், அதற்குப் பதிலும் கட்டாயம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதத்தான் அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

இவ்வளவு மெனக்கெடுவது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல. ஆட்சியர் அலுவலக வாசலில் காசு கொடுத்து மனு எழுதி வாங்கும் பெற்றோர்களின் பிள்ளைகள்தாம் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னால், இருட்டை அழகாக வருணித்துவிட்டு, என்ன வேண்டும் என்பதைக் கேட்காமலே ‘நன்றி’ போட்டுவிடுகிறார்கள். இப்போது அதே விண்ணப்பத்தைப் பத்தி வகைகளாகப் பிரித்துத் திருத்துகிறோம். எந்த நாளிலிருந்து எரியவில்லை என்பதற்கு ஒரு வரி நிகழ்வுரை, யார் யார் அந்த வழியே போகிறார்கள் என்று இரண்டு வரி விளக்கம், பிறகு கோரிக்கை. இருட்டுக்கு ஒரு வரி போதும். கம்பத்தின் எண்ணை மட்டும் நேரில் போய்ப் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.