பொடியில்தான் சூட்சுமம்

பவுண்டுக்கு 30 முதல் 50 டாலர் வரை. பொடியைப் பரப்பிப் பொருள் செய்யும் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு 2009 வாக்கில் செராமிக் பொடி விற்ற விலை இது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கேன்டர் என்ற பொறியியல் பேராசிரியருக்கு இது கட்டுப்படியாகவில்லை. மட்பாண்டக் கலைஞர்கள் வாங்கும் களிமண் பொடி, நைசான சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி ஆகியவற்றை மாணவர்களோடு சேர்ந்து கலந்து பார்த்தார். பவுண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவான செலவில் வேலை நடந்தது. அதோடு நில்லாமல், கலவையின் பக்குவத்தை மட்பாண்டக் கலைஞர்கள் படிக்கும் ‘செராமிக்ஸ் மன்த்லி’ பத்திரிகையில் வெளியிட்டும் விட்டார். அவர் செய்ததில் பெரிய காரியம் இந்த இரண்டாவதுதான் என்பேன்.

முப்பரிமாண அச்சு என்றதும் பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பிழியும் மேசை இயந்திரம்தான் பலருக்கு நினைவு வரும். இது வேறு வகை. ஒரு தொட்டியில் பொடியை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனத்துக்கு உருளை ஒன்று சமமாகப் பரப்பும். காகிதத்தில் மை தெளிக்கும் அதே வகை இங்க்ஜெட் தலை, எங்கே பொருள் வேண்டுமோ அங்கே மட்டும் திரவத்தைத் தெளிக்கும். தட்டு ஓர் அடுக்கு கீழே இறங்கும். மேலே மறுபடி பொடி. முடிந்ததும் ஒட்டாத பொடியைத் தட்டி எடுத்தால் உள்ளே உருவம் இருக்கும். சுற்றியிருந்த பொடியே தாங்கிக்கொள்வதால், அந்தரத்தில் நீளும் கிளைக்கும் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் இமானுவேல் சாக்ஸ், மைக்கேல் சிமா முதலானோர் 1989இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. அதை உரிமம் பெற்று விற்ற இசட் கார்ப்பரேஷன் முதலில் மாவுச்சத்துப் பொடியையும், பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சேர்ந்த பொடியையும் கொடுத்தது.

தெளிக்கும் திரவம்தான் பசை என்று தோன்றும். பெரும்பாலும் இல்லை. இங்க்ஜெட் தலையின் துவாரம் மயிரிழையைவிடச் சிறியது. அங்கே நுண்ணளவு திரவம் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் கொதித்து, அந்தக் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. கெட்டியான பசையை அதில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். ஆகவே பசை உலர்ந்த நிலையில் பொடிக்குள்ளேயே காத்திருக்கும். துவாரம் வழியாகப் போவது ஏறக்குறைய வெறும் தண்ணீர், துளி எளிதாகப் பிரிய அதில் கொஞ்சம் ஆல்கஹால். கேன்டரின் கலவையில் சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் நனைந்து கரைந்து, களிமண் துகள்களைப் பிடித்துக்கொண்டு உலர்கின்றன. பிளாஸ்டரில் நடப்பது வேறு. ஜிப்சத்தைச் சூடாக்கி அதன் நீரில் முக்கால் பங்கை வெளியேற்றியதுதான் பிளாஸ்டர். தண்ணீர் பட்டதும் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியாகப் படிகமாகிறது. அந்த ஊசிகள் பின்னிக்கொள்வதே இறுக்கம். அப்படியும் உருவம் சுண்ணாம்புக் கட்டி போலப் பொலபொலவென்றுதான் இருக்கும் என்பதால், சூப்பர் குளூ என்று நாம் சொல்லும் சயனோஅக்ரிலேட்டையோ மெழுகையோ உறிஞ்ச வைத்துப் பலப்படுத்துவார்கள்.

ஈரத்தின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. புட்டுக்கு மாவு பிசிறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் திரவம் கோட்டைத் தாண்டிப் பரவி விளிம்பு மழுங்கும். குறைந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஏடு ஏடாகப் பிரியும். பொடியின் பருமனும் முக்கியம். மிக நைசாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, உருளை போகும்போது திட்டுத் திட்டாக இழுபடும். பருமனாக இருந்தால் நன்றாகப் பரவும், ஆனால் மேற்பரப்பு சொரசொரக்கும். காற்றில் ஈரம் ஏறினால் சர்க்கரைக் கலவை தானாகவே கட்டி தட்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை, மாவுத் தூசி காற்றில் அடர்ந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடியது. களிமண் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். சமையலறைச் சாமான்தானே என்று முகமூடி இல்லாமல் இறங்கக் கூடாது.

அதே 2009இல் கேன்டரின் குழு கண்ணாடிப் பொடிக்கு மாறியபோது களிமண் பக்குவம் கைவிட்டது. கண்ணாடித் துகள் தண்ணீரை உறிஞ்சாது. உருவங்கள் ஜெல்லி போலத் தொளதொளத்து வந்தன. பொடிக்கும் திரவத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றிய பிறகே உருவம் நின்றது. பிறகு சூளையில் சுட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞர்கள் ரொனால்ட் ரேலும் வர்ஜீனியா சான் ஃபிராடெல்லோவும் ‘எமர்ஜிங் ஆப்ஜெக்ட்ஸ்’ நிறுவனத்தில் இந்தத் துணிச்சலை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் விளைந்த உப்பு, மரத்தூள், ஒயினுக்குப் பிழிந்த திராட்சைச் சக்கை எல்லாம் அவர்களுக்குப் பொடிதான். பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் 2015இல் நிறுத்திய ‘ப்ளூம்’ என்ற மண்டபத்தின் 840 கட்டிகளும் சிமென்ட் பொடியில் அச்சானவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

ஒட்டும் வேலையைப் பொடிக்கும் துவாரத்துக்கும் பங்கு போடும் தந்திரம் பெரிய தொழிலிலும் உண்டு. வார்ப்பாலைகளுக்கு மணல் அச்சு செய்யும் இயந்திரங்களில், மணலோடு அமிலத்தை முன்பே கலந்துவிடுகிறார்கள். மேலே ஃபியூரான் பிசின் தெளிக்கப்படுகிறது. இரண்டும் சந்தித்த இடம் மட்டும் இறுகும். மரத்தில் மாதிரி செதுக்காமலே கணினி வரைபடத்திலிருந்து நேராக அச்சு கிடைக்கிறது. இத்தாலியின் என்ரிகோ டினி கட்டட அளவுக்குச் செய்த ‘டி-ஷேப்’ இயந்திரத்தில் மணலோடு மக்னீசியம் ஆக்சைடு. திரவத்தில் மக்னீசியம் குளோரைடு.

உலோகத்துக்கு வரும்போது இந்தப் பங்கீடு செல்லாது. பொடி சுத்தமாக இருந்தாக வேண்டும் என்பதால், பசை முழுவதும் திரவத்தில்தான். அந்தப் பசையும் தற்காலிகம்; உலையில் எரிந்து போகும், பிறகு துகள்கள் ஒன்றோடொன்று இணையும். அப்போது பாகம் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கலாம். அதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பெரிதாக அச்சிட வேண்டும். கனமான இடமும் மெல்லிய இடமும் ஒரே மாதிரி சுருங்காது என்பதுதான் இத்தொழிலின் தீராத தலைவலி.

எல்லோரும் இறுக்கம் தேடும் இந்த வேலையில் ஒரு பொருள் நேர் எதிரானதைக் கேட்டது. அமெரிக்காவின் அப்ரீசியா நிறுவனம் எம்.ஐ.டி. முறையிலேயே செய்த ‘ஸ்ப்ரிடாம்’ என்ற வலிப்பு நோய் மாத்திரைக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகஸ்ட் 2015இல் அனுமதி தந்தது. முப்பரிமாண அச்சில் உருவாகி அந்த அனுமதி பெற்ற முதல் மாத்திரை அது. வழக்கமான மாத்திரையை அழுத்திச் செய்வார்கள். இதை அழுத்துவதே இல்லை. பொடி அடுக்குகளுக்கு இடையே இண்டு இடுக்கு நிறைய இருப்பதால், 1,000 மில்லிகிராம் மருந்துள்ள பெரிய மாத்திரையும் ஒரு மிடறு தண்ணீரில் சில நொடியில் வாயிலேயே கரைந்துவிடும். விழுங்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அது உதவும்.