அமெரிக்கா சென்ற அன்னபூரணி

சென்னை மாநகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் மயிலாப்பூர், பண்டைக் காலத்தில் கடல் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற துறையாக இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் கிரேக்க நூலாசிரியர் குறிப்பிட்ட ஊர்களுள் மயிலாப்பூரும் ஒன்று என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். யவன வணிகர் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் தமிழகம் போந்து, வாடைக்காற்றின் துணையால் தம் நாடு மீண்டனர்.

மயிலைக் கடற்கரை மீனவர் நெடுங்காலம் கட்டுமரத்தையே தம் வாழ்வுக்குத் துணையாகக் கொண்டிருந்தனர். ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்பட்ட அக்கலத்தின் பெயர் ஆங்கிலம் முதலிய பிற மொழிகளிலும் புகுந்துள்ளது. கரையோரத் தொழிலுக்குக் கட்டுமரம் போதுமானது. பெருங்கடலைக் கடப்பதற்கோ பெரிய பாய்க்கப்பல் வேண்டும். அத்தகைய கப்பல்களைக் கட்டுவதிலும் செலுத்துவதிலும் சிறந்து நின்ற தமிழூர்களுள் ஒன்று, ஈழத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை. சோழமண்டலக் கரையோடும் பர்மாவின் இரங்கூனோடும் அவ்வூரார் வாணிகம் நடத்தி வந்தனர்.

அங்கே 1930ஆம் ஆண்டில் உருவான கப்பலே 'அன்னபூரணி அம்மாள்'. அதன் நீளம் 89 அடி. வேப்ப மரத்தால் கட்டப்பெற்றது. வேப்பம் பலகை புழுவரிப்பை எளிதில் ஏலாது. முதலில் அடிமரமாகிய ஏராவைக் கிடத்தி, அதன்மேல் விலா எலும்புகள்போல் வங்குகளை நிறுத்தி, வெளியே பலகைகளை அறைந்து, இடுக்குகளில் பஞ்சைத் திணித்து நீர் புகாதவாறு அடைப்பர். இவ்வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். இத்தொழிலைத் தந்தையிடமிருந்து மைந்தன் கண்ணாலும் கையாலுமே கற்றான்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்பவர் அமெரிக்க நாட்டினர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். கலங்களின் தரத்தை நன்கு அறிந்த அவர், அன்னபூரணியைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்குப் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் புதுப்பெயர் சூட்டினார். அமெரிக்காவுக்கு அதனைக் கொண்டு செல்லும் பணியில் வல்வைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவருடைய தோழர்களும் ஈடுபட்டனர். தண்டையல் என்பது கப்பல் தலைவனைக் குறிக்கும் சொல்.

1937ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கப்பல் வல்வையை விட்டுப் புறப்பட்டது. வாடை வீசும் பருவம் அது. அரபிக் கடலை மேற்கு நோக்கிக் கடப்பதற்கு ஏற்ற காலம். ஆனால் செங்கடலின் வடபகுதியில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும். எதிர்க்காற்றை நோக்கிப் பாய்க்கப்பல் நேரே செல்லாது. ஒருகால் வலப்புறமும் ஒருகால் இடப்புறமுமாகச் சாய்ந்து, வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய்களை மாற்றிக் கட்டவேண்டும். சுக்கான் பிடிப்பவனும் கயிறு இழுப்பவனும் ஒரே மனத்தினராய் இயங்காவிடின் கப்பல் நிலை தடுமாறும். தோழமை என்பது கடலில் இன்பம் மட்டும் அன்று; உயிர்காவலும் ஆகும்.

சூயசுக் கால்வாயைக் கடந்து கப்பல் மத்தியதரைக் கடலை அடைந்தது. யவனர் ஒருகாலத்தில் புறப்பட்டு வந்த கடலில், தமிழர் கட்டிய கலம் பாய்விரித்துச் சென்றது. அக்கடலின் மேற்கு வாயிலான ஜிப்ரால்டரில், அட்லாண்டிக் பெருங்கடலின் மேல்நீரோட்டம் உள்நோக்கிப் பாயும். அதனையும் எதிர்த்துக் கடந்து, அட்லாண்டிக்கின் பேரலைகளைத் தாங்கி, பெர்முடாத் தீவை அடைந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் நங்கூரம் இட்டது. குளோஸ்டர் வழிவழியாகக் கடலோடிகள் வாழ்ந்த ஊர். கப்பலைப் பற்றி நன்கு அறிந்த அம்மக்கள் முன்னே வல்வையின் கைத்திறன் சென்று நின்றது.

கப்பலின் பெயர் மாறியது, உடையவரும் மாறினர். ஆயினும், வேப்பம் பலகையும் அதனை இசைத்த கைகளின் நுட்பமும் மாறவில்லை. அலையின் சோதனையில் அவை தேறின.

இன்று வல்வெட்டித்துறையில் அத்தகைய பெரும் பாய்க்கப்பல்கள் கட்டப்படுவதில்லை. மயிலையை அடுத்த நொச்சிக்குப்பத்திலும் கட்டுமரம் அருகி, பொறி பூட்டிய படகுகளே மிகுந்துள்ளன. காலத்துக்கேற்ற மாற்றம் குற்றமாகாது. ஆனால் ஏட்டில் எழுதப்படாத கல்வி, ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறைக்குக் கிட்டாது. முதியோர் கையில் எஞ்சியுள்ள தொழில் நுட்பங்களைக் கேட்டறிந்து எழுதி வைத்தல் இளைஞர் கடமை. அன்னபூரணி கடந்த கடல் இன்றும் உள்ளது. அதனைக் கட்டிய அறிவும் நிலைக்கவேண்டும்.