ராணி செய்த குற்றம் என்ன?

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் இருக்கிறது திருப்பாச்சூர். 'பாசு' என்றால் மூங்கில். மூங்கில் வனத்தில் வாசீஸ்வரர் எழுந்தருளியதால் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள். மூங்கிலும் புல் ஜாதிதான் என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா?

சென்ற மாதம் அங்கே என் சிநேகிதியின் வீட்டுக்குப் போனபோது, புல்லால்தான் ரகளை! வாசலில் ஆசையாக வளர்த்த புல்தரை, அங்கங்கே தோசை அளவுக்கு வட்டம் வட்டமாகக் கருகிக் கிடந்தது.

"எல்லாம் ராணி செய்த வேலை. நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் அவர்" என்று கண் கலங்கினாள் சிநேகிதி. ராணியோ வாலைக் குழைத்துக்கொண்டு என் காலடியில் படுத்திருந்தது.

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கு உண்டா? தீர்ப்புச் சொல்லுமுன், கருகிய இடத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் வைக்கோல் நிறம். ஓரத்தில் மற்றப் புல்லைவிடக் கரும்பச்சை! நாயின் சிறுநீரில் யூரியா இருக்கிறது. வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதே யூரியாதான். ஓரத்தில் கொஞ்சமாகப் பரவியது உரமாயிற்று. நடுவில் அளவுக்கு மிஞ்சியது நஞ்சாயிற்று. பெண் நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் போவதால் அதற்குப் பழி அதிகம். ஆண் நாய் தூணுக்கும் செடிக்கும் பங்கு போட்டுத் தப்பித்துக்கொள்கிறது!

பரிகாரம் சுலபம். நாய் நகர்ந்த உடனே அந்த இடத்தில் இரண்டு மூன்று செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடா? காய்கறி கழுவிய தண்ணீர் போதும். மறுநாள் ஊற்றிப் பயனில்லை. புல் வாடுகிறதே என்று அங்கே உரம் போட்டுவிடாதீர்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்! கருகியதைக் கொத்தி எடுத்து, மண்ணை நன்றாக நனைத்து, அருகம்புல் தண்டைக் கணுவோடு ஊன்றுங்கள். வேர் பிடித்துப் படர்ந்துவிடும்.

கொல்லையில் ஒரு மூலையில் மணல் கொட்டி, காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் நாயை அங்கே அழைத்துப் போங்கள். வேலை முடிந்ததும் தட்டிக் கொடுங்கள். நாளடைவில் தானே அங்கே போகும்.

ஒன்று மட்டும் கூடாது. தக்காளிச் சாறு கொடு, ஆப்ப சோடா கொடு, உப்பைக் கூட்டு என்று அண்டை வீட்டார் சொல்லும் வைத்தியங்களை நாயிடம் செய்து பார்க்காதீர்கள். புல் கருகுவது புளிப்பாலோ காரத்தாலோ அல்ல; வீணாக நாயின் உடம்புதான் கெடும். குடிக்கும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது. வழக்கத்துக்கு மேல் நாய் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போனால், சர்க்கரை வியாதியோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த சிநேகிதியின் கணவர் வாய் திறக்கவில்லை. ஆனால் நான் விடைபெற்றுத் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். ராணி முன்னால் போக, கையில் செம்புடன் பின்னால் போய்க்கொண்டிருந்தார் அவர்!