ஆறு மாதத்தில் எவ்வளவு திரும்பி வந்தது?

2020 மார்ச்சில் கொரோனாவால் பூட்டிய பள்ளிக்கூடம், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. ஆனால் வீட்டுக்கு ஒரே ஒரு போன், அதுவும் காலையில் அப்பாவின் சட்டைப்பையில் ஏறிக்கொண்டு வேலைக்குப் போய்விடும் என்கிற வீடுகள் ஏராளம். முதல் வகுப்பை எட்டிப்பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளும் உண்டு.

இவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்ற கேள்விக்கு மதிப்பெண் பட்டியலில் பதில் கிடையாது. 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வே ரத்தாகி எல்லோரும் ‘ஆல் பாஸ்’ ஆன காலம் அது. சின்ன வகுப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் பதில் கிடைத்தது. அதற்குக் காரணம் ஒரு தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். கொரோனாவுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் சில கிராமங்களில் சிறு பிள்ளைகளுக்குத் தமிழிலும் கணக்கிலும் சோதனை வைத்துக் கணக்கெடுத்திருந்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2021 டிசம்பரில் அதே கிராமங்களில் மறுபடி சோதனை நடத்தினார்கள். தொடக்கப் பள்ளி வயதில் உள்ள ஏறக்குறைய 19,000 பிள்ளைகள். போனில் கேட்கவில்லை, நேரில் போய்ச் சோதித்தார்கள். பிறகு அடுத்தடுத்த மாதங்களில் திரும்பவும் போனார்கள்.

ஒப்பிட்ட விதம் எளிமையானது. 2019இல் அந்த ஊரில் ஏழு வயதுப் பிள்ளை என்ன தெரிந்து வைத்திருந்தது, 2021இல் அதே ஊரின் ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிகிறது? ஊர் அதே ஊர், வயதும் அதே வயது. நடுவில் வந்து போன பெரிய மாற்றம் பள்ளி மூடியது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2019இன் நிலைமை திருப்தியானது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அப்போதிருந்த அளவுக்குக்கூட 2021இல் இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

கிடைத்த விடை: கணக்கில் 0.73 திட்டவிலக்கம் பின்னடைவு, தமிழில் 0.34. ஆய்வாளர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நமக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டுப் பிள்ளைகள் 100 பேரைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து கூடிய மதிப்பெண் வரை வரிசையாக நிறுத்துங்கள். நட்டநடுவே, 50ஆம் இடத்தில் ஒரு பிள்ளை. அதைப் போன்ற பிள்ளையை 2021இல் கணக்குச் சோதனைக்கு உட்கார வைத்தால், பழைய வரிசையில் ஏறக்குறைய 23ஆம் இடத்தில்தான் நிற்கும். தமிழில் என்றால் 37ஆம் இடம்.

கணக்கு ஏன் தமிழைவிட இவ்வளவு அதிகமாக அடிவாங்கியது? என் கணிப்பைச் சொல்கிறேன். தமிழ் வீட்டில் இருக்கிறது. பேருந்துப் பலகையில், கடைப் பெயரில், சினிமா போஸ்டரில் எழுத்து கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. கடன் வாங்கிக் கழிக்கிற வித்தை எந்தத் தெருவிலும் எழுதி ஒட்டியிருக்காது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். அதைக் கற்காத பிள்ளை 35 என்று எழுதும். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5. ஐந்திலிருந்து இரண்டு போனால் 3. கவனக்குறைவில் வருகிற தப்பு இல்லை இது. பிள்ளை யோசித்துத்தான் போட்டிருக்கிறது. பத்துகள், ஒன்றுகள் என்ற இடமதிப்பு மனத்தில் பதியவில்லை, அவ்வளவுதான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும் வரை 35தான் வரும். அதற்கு மேல் பெருக்கல், வகுத்தல் என்று பாடம் ஓடினால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது.

ஆய்வின் இரண்டாவது விடைதான் பலர் எதிர்பாராதது. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. கணக்கில் 23ஆம் இடத்துக்குப் போன பிள்ளை ஏறத்தாழ 40ஆம் இடத்துக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஒரு தலைமுறையே போச்சு’ என்று அன்றைக்கு எழுதித் தள்ளியவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம். மீதி மூன்றில் ஒரு பங்கு அப்படியே நின்றது என்பதையும் மறைக்கக் கூடாது.

மீண்டதற்குக் காரணம் என்ன? முதலாவது, பள்ளி திறந்தது. இரண்டாவது, இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு. நடத்தியவர்கள் அந்த ஊரிலேயே இருந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் வகுப்பு நடந்தது.

இந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் மூன்று நான்கு மாதத்தில் கணக்கில் 0.17, தமிழில் 0.09 திட்டவிலக்கம் கூடுதலாக முன்னேறினார்கள். பார்க்கச் சின்ன எண். ஆனால் செலவும் சின்னது, போன பிள்ளைகளோ லட்சக்கணக்கில். போனவர், போகாதவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். அக்கறையுள்ள அம்மா அப்பாதானே பிள்ளையை மாலை வகுப்புக்கு அனுப்பியிருப்பார்கள்? அந்தப் பிள்ளை எப்படியும் தேறியிருக்குமே! ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அதனால் முந்தைய சோதனையில் ஒரே அளவில் இருந்த பிள்ளைகளுக்குள், வகுப்புக்குப் போனவர் எவ்வளவு நகர்ந்தார், போகாதவர் எவ்வளவு நகர்ந்தார் என்று பார்த்தார்கள். நல்ல முறைதான். ஆனால் குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கிற சோதனைக்கு ஈடாகாது.

குலுக்கல் முறையில் நடந்த சோதனையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2001 முதல் 2003 வரை வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் ‘பால்சகி’ திட்டத்தை நடத்தியது. 3, 4ஆம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய், அதே வட்டாரத்து இளம்பெண் ஒருவர் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பார். எந்தப் பள்ளிக்கு எந்த வகுப்பில் பால்சகி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு அளந்து பார்த்தது. முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 திட்டவிலக்கம் முன்னேற்றம். அதுவும் கடைசி வரிசைப் பிள்ளைகளிடம்தான் அதிகம். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிள்ளைகளின் முன்னேற்றம் 0.10 அளவுக்குத் தேய்ந்திருந்தது. வகுப்பை நிறுத்தினால் பலனும் கரைகிறது. திட்டம் தொடங்கும்போது ரிப்பன் வெட்டுகிற எல்லோரும் சுலபமாக மறந்துவிடும் சங்கதி இது.

இல்லம் தேடிக் கல்வி, பால்சகி இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, பாடப்புத்தகம் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவது. அதற்குப் பெரிய படிப்போ ஸ்மார்ட் வகுப்பறையோ தேவைப்படவில்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பக்கத்து வீட்டுப் பெண் போதும் என்று இருந்தது. தொடக்கக் கல்வியின் அடிப்படைக்கு இது பொருந்தும். பிளஸ் டூ இயற்பியலுக்குப் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு விஷயம். பள்ளி மூடிக்கிடந்த காலத்தில் அதிகம் இழந்தது வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். திறந்த பிறகு வேகமாக மீண்டதும் அவர்களே. மாலை வகுப்புக்கு அவர்கள் அதிகம் போனது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிள்ளைகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வுக்குப் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த எண்கள் அதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரித்தது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிற ஏற்பாடு. உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால், அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது ரேங்க் விசாரிப்பதோடு நிறுத்தாமல், எந்த நிலையில் இருக்கிறது, போன பருவத்தில் எந்த நிலையில் இருந்தது என்று டீச்சரிடம் கேளுங்கள். அரும்பு என்று சொன்னால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த பருவத்திலும் அரும்பு என்றால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.