பொட்டுக்கு மெழுகு, இமைப் பொடிக்கு என்ன?



ஸ்டிக்கர் பொட்டு வருவதற்கு முன்னால் நம்ம பாட்டிமார் எப்படிப் பொட்டு வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? சின்னச் சிமிழில் மெழுகு இருக்கும். விரல் நுனியில் துளி தொட்டு நெற்றியில் வட்டமாகத் தடவி, அதன் மேல் குங்குமத்தை ஒற்றுவார்கள். தறியில் உட்கார்ந்து வேர்த்து வடிந்தாலும் சாயங்காலம் வரை கலையாது. மெழுகு இல்லாமல் வைத்தால் மூக்கு மேலே உதிரும். பொடி எதுவானாலும் இதே சங்கதிதான். அடியில் என்ன தடவினோமோ அதுதான் பொடியைப் பிடித்து நிறுத்துகிறது.

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு பக்கம் முகூர்த்த நாட்களில் பெண் அலங்காரத்துக்குப் போகிற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். டப்பாவில் வருகிற மினுமினுப்புப் பொடியை இமையில் போட்டால், "நிக்கவே மாட்டேங்குதுக்கா, கன்னத்துல கொட்டுது" என்பார்கள். அப்படியானால் அந்தப் பொட்டு மெழுகையே இமையிலும் தடவலாமா? வேண்டாம். நெற்றி ஆடாத இடம். இமை ஓயாமல் மூடித் திறக்கிற இடம், தோலும் ரொம்ப மெல்லிசு. கெட்டி மெழுகைத் தேய்த்தால் தோல் இழுபடும். வாசலின், தேங்காய் எண்ணெய் தடவினால் பொடி முதலில் ஒட்டின மாதிரி இருக்கும். தாலி கட்டுவதற்குள் வழுக்கி இமை மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும்.

இமைக்கென்றே 'ஐ பிரைமர்' விற்கிறது. தொழிலாகச் செய்பவர்கள் ஒரு டியூப் வாங்கிக்கொள்வது நல்லது, ஒரு கண்ணுக்கு அரிசி அளவு போதும். அது இல்லாவிட்டால் முகத்துக்குப் போடும் கன்சீலர் கிரீமை மிக மெல்லிசாகத் தட்டி விடுங்கள். லேசாகப் பிசுபிசுக்கும்போதே பொடியை ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. மினுக்கம் இல்லாத பொடி என்றால் அடிப்பூச்சின் மேல் கொஞ்சம் முகப் பவுடர் தூவிய பிறகு போடுங்கள், இல்லையென்றால் திட்டுத் திட்டாக நிற்கும். மினுக்கப் பொடிக்குப் பிரஷ்ஷைத் துளி ஈரம் செய்துகொண்டால் நன்றாகப் பளபளக்கும்.

அடிப்பூச்சின் நிறமும் முக்கியம். நம்ம மாநிறத்துக்கு வெள்ளைப் பூச்சின் மேல் வெளிர் பொடி போட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். தோல் நிறப் பூச்சுதான் அழகு. கருநீலம், கரும்பச்சைக்குக் கண் மைப் பென்சிலை இமையில் தீற்றிக் கலைத்துவிட்டு மேலே பொடி வைத்தால் நிறம் நன்றாக எடுக்கும். கண் அலங்காரத்தை முதலில் முடித்துவிட்டு, கீழே சிந்தியதைத் துடைத்த பின் முகத்துக்கு வாருங்கள்.

சிக்கனம் என்று சிலர் குங்குமத்தையே இமையில் போடுகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சள் சிவப்பது சுண்ணாம்பால் என்பது நமக்குத் தெரியும். அந்தக் காரம் சேர்ந்த பொடி கண்ணில் விழுந்தால் எரியும். கடைப் பொடியில் சாயமும் இருக்கலாம், ஈயமும் இருக்கலாம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கேயும் இந்தியாவிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் பலவற்றில், அந்த நாடு அனுமதிக்கும் அளவைவிட ஈயம் அதிகம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கைவேலை ஜிகினாத் தூளும் இமைக்கு வேண்டாம், கருவிழியைக் கீறிவிடும்.

ஒரு பெண்ணின் இமையைத் தொட்ட விரலை மறுபடி டப்பாவில் விடாதீர்கள். மெட்ராஸ் ஐ பரவ அது போதும். வேண்டியதைச் சுத்தமான கரண்டிக் காம்பால் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கலைக்கும்போது, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மூடிய இமையில் சற்று நேரம் வைத்திருந்து துடைக்கச் சொல்லுங்கள்.

பொட்டு மெழுகு செய்முறை கேட்பவர்களுக்கு: சுத்தமான தேன்மெழுகு 10 கிராம், விளக்கெண்ணெய் 30 கிராம். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீ கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு இளகினால் மெழுகை 2, 3 கிராம் கூட்டலாம். மெழுகுவர்த்தியை உருக்கிச் சேர்க்காதீர்கள். வீட்டுக்குச் செய்வதற்கு இது போதும். டப்பாவில் அடைத்து விற்பதென்றால் 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த விவரத்தை விசாரித்துவிட்டுப் பிறகு குழுவில் கடன் மனு எழுதுங்கள்.